தேக்கடி லேக் பேலஸ்ல தங்கப் போறோம்: வடசென்னைல இருந்து எப்படித் திட்டம் போடணும்?

தண்டையார்பேட்டை வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பெரியாறு தேசியப் பூங்காவுக்குள்ள, ஏரிக்கரை மேட்டுல இருக்கிற லேக் பேலஸ்ல தங்கணும்னு வீட்ல ரொம்ப நாள் ஆசை. திருவிதாங்கூர் ராஜா காலத்துக் கட்டடம், இப்போ கேரள அரசோட சுற்றுலா வளர்ச்சிக் கழகம் (கே.டி.டி.சி.) நடத்துறதுன்னு தெரியும். மொத்தம் அஞ்சு பேர்: நான், மனைவி, 9 வயசுப் பொண்ணு, அப்பா, அம்மா. அப்பாவுக்கு 72 வயசு, முட்டி வலி உண்டு, சுகருக்கு இன்சுலின் போடுறார்.

தண்டையார்பேட்டைல இருந்து கிளம்புறவங்களுக்கு எந்த வண்டி தோது? எந்த மாசம் போனா யானை, காட்டெருமை கண்ணுல படும்? ஒரு ராத்திரி போதுமா? அங்க போனப்புறம் "அய்யோ, இதைக் கேக்காம விட்டுட்டோமே"ன்னு ஆகக்கூடாது. விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

கம்பம் ரோடு:

சார், சாயங்காலம் 4 மணியை மனசுல வச்சுக்கிட்டு அங்கிருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வாங்க. லேக் பேலஸுக்கு விருந்தாளிங்க தேக்கடி படகுத்துறைல இருந்து படகுலதான் போகணும், ஏறக்குறைய 20 நிமிஷம். இருட்டினதுக்கு அப்புறம் ஏரியில படகு விட வனத்துறை அனுமதி கிடையாது. அதனால 4 மணிக்குள்ள வந்து சேரச் சொல்லுவாங்க. லேட்டானா உங்க ரூம் அக்கரையில காலியா கிடக்கும், நீங்க குமுளியில வேற ரூம் தேடணும். அந்தக் காசும் திரும்பி வராது.

தென்மாவட்ட வண்டின்னாலே எழும்பூர்னு நினைச்சுக்கிறது நம்ம பழக்கம். ஆனா போடிநாயக்கனூர் எக்ஸ்பிரஸ், வண்டி எண் 20601, சென்ட்ரல்ல இருந்துதான் கிளம்புது. திங்கள், புதன், வெள்ளி ராத்திரி 10.30 மணி. உங்க ஏரியால இருந்து மெட்ரோ ஏறினா வண்டி மாறாம நேரா சென்ட்ரல்ல இறங்கலாம். பெட்டி படுக்கையோட மூலக்கொத்தளம், பேசின் பிரிட்ஜ் நெரிசல்ல ஆட்டோவுல மாட்டிக்க வேண்டாம். மறுநாள் காலையில ஒன்பது மணிக்குள்ள தேனி வந்துடும். போடி வரைக்கும் போயிடாதீங்க, தேனியிலயே இறங்குங்க. அங்கிருந்து குமுளி சுமார் 60 கிலோமீட்டர். உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறணும். பஸ்ஸுன்னா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, கார்னா அதுக்குள்ள. வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டானாக்கூட உங்களுக்கு 4 மணி தப்பாது. அதுக்காகத்தான் இந்த வண்டியைச் சொல்றேன்.

திரும்பி வர்ற வண்டி 20602. செவ்வாய், வியாழன், ஞாயிறு ராத்திரி 8.30க்கு போடியில கிளம்பி, கொஞ்ச நேரத்துல தேனிக்கு வரும். வெள்ளி ராத்திரி ஏறி, சனிக்கிழமை தங்கி, ஞாயிறு ராத்திரி கிளம்பினா திங்கள் காலையில சென்ட்ரல். ரெண்டு ராத்திரி தங்கணும்னா திங்கள் கிளம்பி வியாழன் திரும்புங்க.

புக்கிங்ல ரூம்தான் முதல்ல. மொத்தமே ஆறு அறைதான், உங்களுக்கு ரெண்டு வேணும். தேதி உறுதியானதும், பயணத்துக்கு 60 நாள் முன்னாடி காலை 8 மணிக்கு ரயில் டிக்கெட் திறக்கும், உடனே போட்டுடுங்க. டிக்கெட்டை வாங்கி வச்சுக்கிட்டு ரூம் தேடினா ரெண்டும் ஒத்து வராது. ரூம் போடும்போது சாப்பாடு எத்தனை வேளை, படகுச் சவாரி எத்தனை தடவை வாடகையில சேருதுன்னு எழுத்துல வாங்கிக்குங்க. காட்டுக்குள்ள நுழையுற வனத்துறைக் கட்டணம் யார் பொறுப்புன்னும் கேட்டுடுங்க.

கார்த்திகை 1ல இருந்து மகரவிளக்கு வரைக்கும் இந்தப் பக்கம் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். கூட்டம் ஏறினா போலீஸ் ஒருவழிப் பாதையாக்கி, போற வண்டியைக் கம்பம்மெட்டு வழியா திருப்பி விடுவாங்க. அந்த நாள்ல ஒண்ணரை மணி நேரம் கூடுதலா வச்சுக்கணும். சொந்தக் கார்ல சென்னையில விடியக்காலை கிளம்பி அன்னைக்கே 4 மணியைப் பிடிக்கிறதுங்கிறது நடக்காத காரியம். முந்தின நாளே வந்து தேனியிலயோ கம்பத்திலயோ படுத்துடணும்.

நீர்க்காக்கை:

எந்த மாசம்னு கேட்டிருக்கீங்க. தேக்கடி ஏரிங்கிறதே முல்லைப்பெரியாறு அணை தேக்கி வைக்கிற தண்ணிதான், அதனால மாசத்தை விட அணை நீர்மட்டம்தான் முக்கியம். பேப்பர்ல தேனி செய்தியில தினமும் "முல்லைப்பெரியாறு நீர்மட்டம் இத்தனை அடி"ன்னு போடுவாங்களே, அந்த ஒரு எண்ணை வச்சே ஏரியில என்ன தெரியும்னு ஓரளவு சொல்லிடலாம்.

2014ல உச்ச நீதிமன்றம் சொன்னபடி 142 அடி வரைக்கும் தேக்கலாம். தமிழ்நாட்டுக்குச் சுரங்கம் வழியா தண்ணி எடுக்கிறது 104 அடி வரைக்கும். 135 அடிக்கு மேல இருந்தா தண்ணி காட்டு மரங்களோட அடி வரைக்கும் வந்து நிக்கும். கரைப் புல்லெல்லாம் முங்கிடும், உள்காட்டு ஓடையிலயும் தண்ணி கிடைக்கும். அப்போ யானை ஏன் ஏரிக்கு இறங்கி வரணும்? படகுல போறவங்களுக்குப் பச்சை மட்டும்தான் தெரியும். 120க்குக் கீழ வர வர, காட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல வெறும் கரை அகலமா விரியும். தண்ணி விலகின ஈர மண்ணுல இளம்புல் முளைக்கும். அந்தப் புல்லுக்குத்தான் மான், மிளா, காட்டெருமை, யானை எல்லாம் வெட்டவெளிக்கு வருது. மார்ச், ஏப்ரல்ல நிறைய தெரியுதுன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். ஏப்ரல் பாதிக்கு மேல மத்தியானம் இடி மழை பிடிச்சுக்கும், அதனால காலைச் சவாரியைத் தவற விடாதீங்க.

புலி இருக்கு, ஆனா படகுல இருந்து பார்க்கிறது அபூர்வம். பொண்ணுகிட்ட புலியைக் காட்டுறேன்னு ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போகாதீங்க. அதுக்குப் பதிலா தண்ணிக்கு மேல நீட்டிட்டு இருக்கிற கருப்பு மரக்கட்டைங்களைப் பார்க்கச் சொல்லுங்க. 1895ல பென்னிகுக் அணையைக் கட்டி முடிச்சப்போ முங்கின காட்டோட மிச்சம் அது. கட்டைக்குக் கட்டை நீர்க்காக்கையும் பாம்புத்தாராவும் உக்காந்திருக்கும். பாம்புத்தாரா கழுத்து வளைஞ்சு ஒல்லியா பாம்பு மாதிரியே இருக்கும், நீந்தும்போது தலையும் கழுத்தும் மட்டும்தான் வெளிய தெரியும். மேல வந்ததும் ரெண்டு இறக்கையையும் முழுசா விரிச்சு வெயில்ல காய வைக்கும், கிட்டப் போனாலும் சட்டுன்னு பறக்காது. குழந்தைங்க நிதானமா பார்க்கலாம். கரை ஓரமா நீர்நாய்க் கூட்டம் மீன் தின்னுட்டு இருக்கும், அதையும் தேடுங்க.

பைனாகுலர் 8x42, அதாவது 8 மடங்கு பெரிசாக் காட்டுறது போதும். 10 மடங்குன்னா படகு ஆட்டத்துல படமும் ஆடும். கேமரா லென்ஸைப் படகுக் கம்பியில சாய்க்காதீங்க, இஞ்சின் அதிர்வு அப்படியே ஏறும். கையில பிடிச்சு, ஷட்டர் 1/500க்குக் குறையாம வைங்க. கண்ணைப் பறிக்கிற சிவப்பு, மஞ்சள், வெள்ளை உடுப்பு வேண்டாம். டிரோன் கூடவே கூடாது.

ஒரு ராத்திரியா ரெண்டான்னா, ரெண்டுன்னுதான் சொல்லுவேன். பகல்ல சுத்துலாப் படகு 7.30ல ஆரம்பிச்சு 3.30 வரைக்கும் ஓடும். அந்தச் சத்தம் அடங்கினப்புறம், வராண்டாவுல உக்காந்து எதிர்க்கரையைப் பார்க்கிற சாயங்காலம்தான் காட்டுக்குள்ள தங்குறதோட லாபமே. ஒரு ராத்திரின்னா அது ஒரு தடவைதான் கிடைக்கும், அன்னைக்குப் பார்த்து மழை வந்தா அதுவும் போச்சு.

தண்டையார்பேட்டை வாசி:

ரொம்ப நன்றிண்ணே, ரெண்டு பேருக்கும். சென்ட்ரல்ல இருந்து வண்டி இருக்கிறது சத்தியமா தெரியாது. ஒரு சந்தேகம். தண்ணி குறைஞ்சாத்தான் மிருகம் தெரியும்னா, அப்போ படகுல இருந்து பேலஸுக்கு ஏறுற உயரம் கூடிடாதா? அப்பாவை நினைச்சாத்தான் யோசனையா இருக்கு.

படகுத்துறை:

சரியான கேள்வி. கட்டடம் மேட்டுல இருக்கு, இடம் மாறாது. படகு ஒதுங்குற இடம் தண்ணியோட சேர்ந்து கீழ இறங்கும். 130 அடியில இருக்கிறதுக்கும் 115 அடியில இருக்கிறதுக்கும் வித்தியாசம் 15 அடி, அதாவது ஒண்ணரை மாடி ஏறுற உயரம். அரை அடிப் படின்னு கணக்கு வச்சா 30 படி கூடுது. அதுலயும் புதுசா வெளிய வந்த கரை சேறும் சரளையுமா வழுக்கும். தேக்கடி படகுத்துறைக்கும் மேல இருந்து இறங்கித்தான் போகணும், திரும்பி வரும்போது அதே ஏத்தம் இருக்கு.

அதனால உங்க குடும்பத்துக்கு ஜனவரி கடைசியில இருந்து பிப்ரவரி முடியுறதுக்குள்ள போறது நல்லது. ஐயப்ப சீசன் முடிஞ்சிருக்கும், அட்டைத் தொல்லை குறைஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்காது. தண்ணி இறங்க ஆரம்பிச்சு புல் முளைச்சிருக்கும், ஆனா படி ரொம்பக் கூடியிருக்காது. யானைக் கூட்டம் ஏப்ரல் அளவுக்குத் தெரியாமப் போகலாம், அதை ஏத்துக்கிட்டுத்தான் போகணும். கிளம்புறதுக்கு முந்தின வாரம் பேப்பர்ல நீர்மட்டம் பார்த்துட்டு, ஹோட்டலுக்குப் போன் போட்டு "இப்போ துறையில இருந்து எத்தனை படி?"ன்னு நேராவே கேளுங்க. ஏறிப்போக மெதுவா நேரம் எடுத்துக்கலாம், இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம். அடியில ரப்பர் போட்ட கைத்தடி, கெட்டியான ஷூ, ரெண்டும் வேணும். சாமானைத் தோள்ல மாட்டுற பையில பிரிச்சுக்குங்க, சக்கரப் பெட்டி படியில உருளாது.

மருந்துல அசட்டை வேண்டாம். ராத்திரியில அங்கிருந்து மருந்துக்கடைக்குப் போக வழி கிடையாது, கடை இருக்கிறது குமுளியில. இன்சுலினை ஐஸ் கட்டி மேல நேரா படாதபடி துணி சுத்தி, குளிர் பையில எடுத்துக்கிட்டுப் போங்க. உறைஞ்சு போன இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். போனதும் சமையலறை ஃபிரிட்ஜ்ல வைக்கக் கேளுங்க, உறைபெட்டியை ஒட்டி வைக்கக் கூடாது. ரெண்டு நாள் மருந்து கூடுதலா, சுகர் இறங்கினா கொடுக்க குளுக்கோஸ், பிஸ்கட், சுகர் பார்க்கிற கருவி எல்லாம் கைப்பையில இருக்கட்டும். சாப்பாடு அவங்க நேரத்துக்குத்தான் வரும், அதனால ஊசி நேரத்தை முதல் நாளே சமையல்காரங்ககிட்ட சொல்லி வைங்க. செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம், ஊர்ல இருக்கிறவங்களுக்கு ஹோட்டல் நம்பரைக் கொடுத்துட்டு வாங்க.

படகுல லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பொண்ணுக்குச் சின்ன அளவு கேட்டு வாங்குங்க. பெரியவங்களோடதைப் போட்டா தண்ணியில தலை வழியா கழண்டுடும். கொக்கி மாட்டினப்புறம் தோள்பட்டையில பிடிச்சு மேல இழுத்துப் பாருங்க, காதுக்கு மேல ஏறினா அந்த அளவு சரியில்ல. புழுக்கமா இருந்தாலும் கழட்டக் கூடாது. எதுவாவது தெரிஞ்சதும் எல்லாரும் ஒரே பக்கமா எழுந்து போறதுதான் இருக்கிறதிலயே பெரிய ஆபத்து. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி இதே ஏரியில படகு கவிழ்ந்து 45 பேர் இறந்திருக்காங்க. அப்பாவை நடு வரிசையில உக்கார வைங்க, எழுந்திருக்கவே வேண்டியதில்ல.

கம்பம் ரோடு:

அவர் சொன்ன பிப்ரவரி நல்ல யோசனை. இன்னும் ரெண்டு மூணு சில்லறை விஷயம். தேக்கடி படகுத்துறையில குரங்கு ஜாஸ்தி, கையில பிஸ்கட் பாக்கெட்டோ பாலித்தீன் பையோ தெரிஞ்சாப் பிடுங்கிட்டுப் போயிடும். பேலஸ்லயும் ஜன்னலைத் திறந்து போட்டுட்டு வெளிய போகாதீங்க. பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துட்டுப் போகாம எவர்சில்வர் பாட்டில் வச்சுக்குங்க. பழைய கட்டடம், அதனால நகரத்து ஸ்டார் ஹோட்டல் மாதிரி நீச்சல் குளம், லிஃப்ட் எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். கூட ஆள் இல்லாம வளாகத்தைத் தாண்டி நடக்கக் கூடாது, சாயங்காலம் ஆச்சுன்னா அந்தப் பேச்சே கிடையாது.

ரூம் கிடைக்கலன்னா பக்கத்துலயே கே.டி.டி.சி.யோட ஆரண்ய நிவாஸ் இருக்கு. அது தேக்கடி கரையிலயே இருக்கிறதால 4 மணிக் கட்டுப்பாடு கிடையாது, அப்பாவுக்கும் சுலபம். அங்க தங்கி, காலை 7.30 படகுல போயிட்டு வரலாம். கொஞ்சம் நடக்கத் தெம்பு இருக்கிறவங்க வனத்துறையோட மூங்கில் தெப்பப் பயணம் போகலாம், அதுக்குத் தனியா முன்பதிவு வேணும்.

ஞாயிறு காலையில பேலஸைக் காலி பண்ணினா ராத்திரி வண்டிக்கு நிறைய நேரம் கிடக்கும். இறங்குற வழியில லோயர் கேம்ப்ல பென்னிகுக் மணிமண்டபம் இருக்கு, ரோட்டோரமே, அப்பாவுக்கு ஏற வேண்டிய வேலை இல்ல. கம்பத்துல சாப்பிட்டு, பன்னீர் திராட்சை ரெண்டு கிலோ வாங்கிட்டு, ஏழரை மணிக்குத் தேனி ஸ்டேஷன்ல இருங்க.