லோட் பேலன்சருக்குப் பின்னால் ஒவ்வொரு சர்வராக "டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்" பிழையில் விழுகிறது

கேள்வி:

வணக்கம். ஹெச்ஏ-ப்ராக்ஸி என்ற லோட் பேலன்சருக்குப் பின்னால் நான்கு லினக்ஸ் சர்வர்களில் டாம்கேட் (ஜாவா வலைச் சர்வர்) இயங்குகிறது. கோரிக்கைகள் லீஸ்ட்-கான் முறையில் (இணைப்புகள் குறைவாக உள்ள சர்வருக்கு முதலில்) பிரித்து அனுப்பப்படுகின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சர்வரில் மேற்கண்ட பிழை வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது, பிறகு வேறொரு சர்வரில் வருகிறது. சிஸ்டம்-டி சேவை அமைப்புக் கோப்பில், திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் வரம்பை 65,536 ஆக உயர்த்தியும் பிழை தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. முடங்கிக் கிடக்கும் சர்வரையும் ஹெல்த் செக் (சர்வர் இயங்குகிறதா என்று லோட் பேலன்சர் செய்யும் சோதனை) பச்சையாகவே காட்டுவதுதான் விளங்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:

வரம்பை உயர்த்தியதும் பிழை தள்ளிப்போனது என்றால் இது கசிவுதான் (திறந்தவற்றை நிரல் மூடாமல் விடுவது), வரம்புப் பற்றாக்குறை அல்ல. இனி ரீஸ்டார்ட் செய்யும் முன், அந்த ப்ராசஸின் எஃப்-டி கோப்புறையில் உள்ள பட்டியலை (அது திறந்து வைத்துள்ள கோப்புகள், இணைப்புகள் ஆகியவற்றின் ஃபைல் டிஸ்கிரிப்டர் எண்கள்) எடுத்து வையுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் தடயம் முழுவதும் அழிந்துவிடும். அதன் பின், டிஸ்கிரிப்டர் எண்ணிக்கை ஏறியுள்ள சர்வரை ஹெச்ஏ-ப்ராக்ஸியில் ட்ரெய்ன் நிலைக்கு (புதிய கோரிக்கைகளை அனுப்பாத நிலை) மாற்றிவிட்டுக் காத்திருங்கள். புதிய கோரிக்கைகள் வராத நிலையில், மறுபயன்பாட்டுக்காகத் திறந்தே வைக்கப்படும் கீப்-அலைவ் இணைப்புகள் ஒவ்வொன்றாக முடிந்து எண்ணிக்கை இறங்க வேண்டும்; இறங்காமல் தங்கிவிடுவதுதான் கசிவு. ட்ரெய்ன் நிலையில் ஹெல்த் செக் தொடர்ந்து நடக்கும் என்பதால், அப்போதும் எண்ணிக்கை ஏறினால் அந்தச் சோதனை வரும் பாதையையோ பின்னணி வேலைகளையோ சந்தேகிக்கலாம்.

மறுமொழி 2:

உங்கள் ஹெல்த் செக் வெறும் டிசிபி இணைப்பை மட்டும் சோதிக்கிறது என்று நினைக்கிறேன். டிசிபி கைகுலுக்கலை முடித்து வைப்பது கெர்னல். டாம்கேட் அந்த இணைப்பை ஏற்க முடியாமல் திணறினாலும், காத்திருப்பு வரிசையில் இடம் இருக்கும் வரை சோதனை வெற்றி பெறும். ஹெச்டிடிபி சோதனைக்கு மாறுங்கள்.

லீஸ்ட்-கான் இந்த நிலைமையை மேலும் மோசமாக்கும். வரம்பின் விளிம்பில் உள்ள சர்வர், கோப்பையோ வெளி இணைப்பையோ திறக்க முடியாமல் உடனுக்குடன் 500 பிழையைத் திருப்பினால், அதன் மீதுள்ள இணைப்புகள் குறைவாகத் தெரியும்; ஆகவே மேலும் பல கோரிக்கைகள் அதனிடமே போய்ச் சேரும்.

கேள்வி கேட்டவர்:

ட்ரெய்ன் செய்து பார்த்தேன். எண்ணிக்கை சற்று இறங்கி, பிறகு அசையாமல் நின்றுவிட்டது. எஞ்சியவற்றில் சாதாரணக் கோப்புகள் மிகக் குறைவு, பெரும்பாலானவை சாக்கெட்டுகள் (பிணைய இணைப்புகள்). இணைப்புகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் அவை அனைத்தும் க்ளோஸ்-வெயிட் நிலையில், எங்கள் உள் பட சேவையின் போர்ட்டை நோக்கியே உள்ளன. கெர்னலில் ஃபின்-டைம்அவுட் மதிப்பைக் குறைத்தால் இவை போய்விடுமா?

மறுமொழி 1:

போகாது. அந்த மதிப்பு ஃபின்-வெயிட்-2 நிலைக்கு (நம் பக்கம் மூடிவிட்டு எதிர்முனை மூடக் காத்திருக்கும் நிலை) உரியது. க்ளோஸ்-வெயிட் என்றால் எதிர்முனை இணைப்பை முடித்துவிட்டது, உங்கள் நிரல் இன்னும் மூடவில்லை என்று பொருள். அதற்குக் கெர்னலில் காலக்கெடு கிடையாது, நிரல் மூடும் வரை அப்படியே இருக்கும். (மூடி முடிந்த இணைப்புகள் சிறிது நேரம் தங்கும் டைம்-வெயிட் நிலை ஆயிரக்கணக்கில் தெரிந்தாலும் பொருட்படுத்தாதீர்கள், அவை ஃபைல் டிஸ்கிரிப்டரைப் பிடித்து வைப்பதில்லை.)

பட சேவையை அழைக்கும் ஜாவா நிரலில் பிழைப் பாதையை முதலில் பாருங்கள். 200 வந்தால் மறுமொழியைப் படித்து மூடிவிட்டு, 404 வந்தால் எக்செப்ஷன் எறிந்துவிட்டு மூடாமலே வெளியேறும் நிரல்கள் ஏராளம். ஜாவாவின் ட்ரை-வித்-ரிசோர்சஸ் அமைப்புக்குள் மறுமொழியைக் கொண்டுவந்தால் எந்தப் பாதையில் வெளியேறினாலும் மூடப்படும்.

நான்கிலும் ஒரே நிரல் ஓடுவதால் நான்கும் கசிகின்றன என்றே கொள்ள வேண்டும். ரீஸ்டார்ட் ஆன நேரம் வேறுபடுவதால்தான் ஒவ்வொன்றாக விழுகின்றன. திருத்தத்தை முதலில் ஒரு சர்வரில் மட்டும் ஏற்றி, நான்கையும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் செய்து, ஜேஎம்எக்ஸ் (ஜாவாவின் கண்காணிப்பு வசதி) தரும் திறந்த டிஸ்கிரிப்டர் எண்ணிக்கையை ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். மற்ற மூன்றும் ஏறும்போது அது மட்டும் தட்டையாக நின்றால், மீதியிலும் ஏற்றலாம்.