வைஸெட் 125ஆ, 250 ஃபோர் ஸ்ட்ரோக்கா? மணலுக்கும் கிரவலுக்கும் எது சரி?

கல்லாறு77:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மோட்டோகிராஸ் பைக், மண் பாதையில ரேஸ் ஓடுறது, விலைக்கு வந்திருக்கு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். ஒன்டு 2006 யமஹா வைஸெட் 125, டூ ஸ்ட்ரோக். மற்றது 2011 மொடல் 250 ஃபோர் ஸ்ட்ரோக், இன்ஜெக்‌ஷன், உதைச்சு ஸ்டார்ட் பண்றது. கம்பனிப் பேரை எழுதல்ல, விக்கிறவரும் இங்க வாசிக்கிற ஆள்தான்.

எனக்கு வயசு 24, நிறை 77 கிலோ. பழகினதெல்லாம் அப்பாட பழைய எக்ஸ்எல்ஆர் 250ல. மின்னேரியாவுக்கு ரேஸ் பார்க்கப் போயிருக்கன், ஓடினதில்ல. அடுத்த சீசன்ல புது ஆளா இறங்கணும் என்டு ஆசை. வெள்ளன எழும்பினா களுவாஞ்சிக்குடிக் கடற்கரை மணல். ஞாயிறுகள்ல படுவான்கரையில கிரவல் வெட்டின ஒரு கிடங்கு. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அங்க நிக்க ஏலா, யானை.

கூட்டாளிமார் ரெண்டு கட்சி. டூ ஸ்ட்ரோக் என்டா சும்மா சும்மா பிஸ்டன் மாத்தணும் என்கிறான் ஒருத்தன். ஃபோர் ஸ்ட்ரோக் வெடிச்சா வளவை விக்கணும் என்கிறான் மற்றவன். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெற்றோலோட ஒயில் கலக்கிறது பிரச்சினை இல்ல, அப்பாட்ட வயலுக்கு மருந்தடிக்கிற டூ ஸ்ட்ரோக் மிஷின் இருக்கு. 2024இல தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் ரேஸ்ல ஏழு பேர் செத்ததுக்குப் பிறகு அம்மா ரேஸ் என்ட சொல்லையே வீட்டுல எடுக்க விடுறல்ல. அதை நான் பார்த்துக்கொள்றன், நீங்க பைக்கைச் சொல்லுங்க.

ஓட்டமாவடி250:

தம்பி, 77 கிலோவோட மணல்ல 125 ஓடப் போறீங்களா? நான் ரெண்டு வருசம் ஓடி அழுதவன். 125க்கு வேலை எல்லாம் மேலதான், நிமிசத்துக்கு எட்டாயிரம் சுத்துக்குக் கீழ விழுந்தா பொட்டுக்கும் இழுக்காது. மணல்ல ஒரு கிறுகல் பிழைச்சாலே சுத்து விழுந்திரும். பிறகு கிளச்சைக் கிள்ளி, கியரைக் குறைச்சு, அது திரும்ப எழும்பிறதுக்குள்ள நாலு பேர் கடந்து போயிருவாங்க. 250 அப்படியில்ல, பிழையான கியர்ல நின்டாலும் இழுத்துக்கொண்டு போகும். இன்ஜெக்‌ஷன் என்டா கார்புரேட்டர்ல பெற்றோல் அளவுக்கு ஜெட் மாத்துற கரைச்சலும் இல்ல. சல்லி இருந்தா 250ஐ எடுங்க.

பழைய_கார்புரேட்டர்:

மணல்ல 125 அழும் என்டு ஓட்டமாவடித் தம்பி சொன்னது சரி. பின் சக்கரத்துக்கு ரெண்டு பல்லுக் கூடின ஸ்ப்ரொக்கெட் போட்டா அழுகை கொஞ்சம் குறையும், நிக்காது. ஆனா எந்த எஞ்சினும் ஒருநாள் சாகும் தம்பி. அது எப்படிச் சாகுது, செத்தா ஆர் எடுத்துப் போடுறது என்டதைத்தான் நான் முதல்ல பார்ப்பன்.

டூ ஸ்ட்ரோக்குல சுத்துக்கு ஒரு வெடி, மற்றதுல ரெண்டு சுத்துக்கு ஒன்டு. அந்தக் கணக்கை வச்சுத்தான் உலகப் போட்டி எம்எக்ஸ்2 வகுப்புல 125 டூ ஸ்ட்ரோக்குக்கும் 250 ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் ஒரே கேட், சேர்ந்துதான் ஓடுறது. ஆனா லாபம் 250காரனுக்குத்தான். 1998இல டக் ஹென்றி வைஸெட் 400 ஃபோர் ஸ்ட்ரோக்குல டூ ஸ்ட்ரோக் 250களோட ஓடி அமெரிக்க 250 பட்டத்தை எடுத்தார், அதோட கம்பனிகளும் அந்தப் பக்கம் சாய்ஞ்சிட்டு. ஹொண்டா 2007 மொடலோட டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸுக்கு மூடுவிழா வச்சிட்டு. ஜப்பான் கம்பனிகள்ல பெரிய டூ ஸ்ட்ரோக்கை யமஹா மட்டும்தான் விடாமப் பிடிச்சுக்கொண்டு நின்டது. நீ பார்க்கிற வைஸெட்ட எஞ்சின்ல 2021 வரைக்கும் பெரிய மாத்தம் இல்ல, 2022இலதான் புதுசா அடிச்சாங்க. அதால கொழும்பு பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகள்ல கிடைக்காட்டியும் வெளியில இருந்து எடுப்பிக்கிறது லேசு.

இனி என்ட கதை. என்னட்ட ஒரு 250 இருந்தது, மூன்றாம் கை. எத்தனை மணித்தியாலம் ஓடினது என்டு விக்கிறவனுக்கும் தெரியா, எனக்கும் தெரியா. விடிய உதைச்சா பத்துப் பதினைஞ்சு உதை, சூடாகினா ஒரே உதை. பெற்றோல் கோளாறு என்டு நினைச்சு கார்புரேட்டரை மூன்டு தரம் கழட்டிக் கழுவினன். கோளாறு அங்க இல்ல. இன்டேக் வால்வு ரெண்டும் டைட்டானியம். அது சீட்டுல அடிபட்டு அடிபட்டுத் தேய்ஞ்சு மேல ஏறும், இடைவெளி இல்லாமப் போகும், குளிர்ல முழுசா மூடாது. ஷிம், அதாவது இடைவெளியைச் சரிக்கட்டுற சின்னத் தகடு, அதை மாத்தி ஒருக்கா ரெண்டுதரம் சமாளிக்கலாம், பிறகு வால்வையே மாத்தணும். நான் மூடியைத் திறந்தே பார்க்கல்ல. மின்னேரியாவுக்கு வெளிக்கிட முந்தின வெள்ளிக்கிழமை, மூன்டாம் கியர்ல முழுசாத் திறந்த நேரம் வால்வுட தலை உடைஞ்சு உள்ள விழுந்திட்டு. தகரப் பேணிக்குள்ள போல்ட்டைப் போட்டு ஆட்டின மாதிரி ஒரு சத்தம், ரெண்டு செக்கன். பிஸ்டன், ஹெட், சிலிண்டர், கொன்ரொட் எல்லாம் போச்சு. பைக் வாங்கின காசில அரைவாசிக்கு மேல பில். ஒன்பது மாசம் சாக்கு மூடி விறாந்தையில கிடந்தது, தங்கச்சிட பிள்ளைகள் ஏறிக் குதிரை ஓடினதுகள்.

125உம் சாகும், ஆனா சொல்லிப்போட்டுத்தான் சாகும். மேல இழுவை குறையும், உதைக்கக்குள்ள காலுக்கு லேசாத் தெரியும். நம்மள மாதிரி ஆக்களுக்கு இருபது மணித்தியாலத்துக்கு ஒரு பிஸ்டன் என்டு வை. 250 அதைப்போல ரெண்டு மடங்கு ஓடும், அது உண்மை. ஆனா 125 பிஸ்டன் ஒரு பின்னேர வேலை. டாங்கி, பைப்பு, ஹெட்டு, சிலிண்டரைத் தூக்கு, கிராங்குக்குள்ள ஒரு சுத்தமான சீலையைத் திணி. அந்தச் சீலையை மறக்காத. பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற கம்பி வளையம், சேர்க்லிப், ஒன்டு தெறிச்சு உள்ள விழுந்தா அந்தப் பின்னேரம் ஒரு மாசமாகும். பழைய சேர்க்லிப்பைத் திரும்பப் போடவும் வேணாம்.

ஜெட் கரைச்சலும் இருக்குத்தான், மறைக்கல்ல. ஒரு வருசம் நம்மட பொடியன் ஒருத்தன்ட 125ஐப் பட்டா லொறியில ஏத்திக்கொண்டு மகா ஓயா, பிபிலை, பதுளை என்டு ஏறித் தியத்தலாவைக்குப் போனம். இங்க கடல் மட்டத்துல கத்தி மாதிரி ஓடின பைக், அங்க 1,200 மீற்றருக்கு மேல புகைஞ்சு புகைஞ்சு நின்டது. மேல காத்து மெல்லிசு, பெற்றோல் கூடிப் போச்சு. மெயின் ஜெட்டை ரெண்டு சைஸ் குறைச்சதும் ஆள் திரும்ப வந்திட்டார். இன்ஜெக்‌ஷன் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நீ செய்ய வேண்டியது ஒன்டு. அந்த 250ஐப் பார்க்கப் போறது சொல்லாமக் கொள்ளாம, விடியப் போ. ஸ்டார்ட் பண்ண முதல் எஞ்சின்ல கையை வை, குளிரா இருக்கணும். நீயே உதை. நாலைஞ்சு உதையில வந்தா, வால்வு மூடியைத் திறந்து இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ் போடலாமா என்டு கேள். ஓம் என்டா 250ஐ எடு, நான் மறிக்கல்ல. முகத்தைச் சுழிச்சா 125.

ஃபில்டர்_கழுவுறவள்:

நான் ஓடுறல்ல, அண்ணாட பைக்குக்கு ஃபில்டர் கழுவுறது என்ட வேலை (சம்பளம் இல்ல). கார்புரேட்டர் அண்ணா சொன்ன வால்வு தேயிறதுக்குப் பாதிக் காரணம் புழுதி. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல கிரவல் கிடங்குல ஒரு மணித்தியாலம் ஓடினா ஃபோம் ஃபில்டர் செங்கட்டி மாதிரி வரும். ரெண்டு ஃபில்டர் வச்சிருங்க. முதல் மண்ணெண்ணெய், பிறகு சவுக்காரத் தண்ணி, நிழல்ல காய விட்டு ஃபில்டர் ஒயில் போட்டுப் பிசைஞ்சு எடுக்கணும். முறுக்கிப் பிழிஞ்சா ஒட்டு விட்டுரும். விளிம்புக்குக் கிரீஸ் பூசுங்க. 250 வாங்கப் போனா அந்த ஆள்ட ஃபில்டர்ப் பெட்டிக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. ஃபில்டருக்கு உள்பக்கம் மண் நெருடினா பேசாமத் திரும்பி வாங்க.

கல்லாறு77:

எல்லாருக்கும் நன்றி. கார்புரேட்டர் அண்ணா, கலவை எப்படி? அப்பா மூடிக் கணக்குல ஊத்துறவர். மாமாட வள்ளத்து எஞ்சின் ஒயில் ஒரு கான் கிடக்கு, அதை விடலாமா?

பழைய_கார்புரேட்டர்:

விடாத! வள்ளத்து எஞ்சின் கடல் தண்ணி குடிச்சுக் குளிர்ல ஓடுறது, அதுட ஒயில் அந்தச் சூட்டுக்குத்தான் செஞ்சது. ரேஸ் எஞ்சின்ட சூட்டுல பிஸ்டன் பிடிச்சிரும். ஓட்டோவுக்கு விடுற மலிவு டூ ஸ்ட்ரோக் ஒயிலும் வேணாம். டப்பாவில ஜாசோ எஃப்டி என்டு போட்ட ஒயிலா வாங்கு. 32க்கு 1 கலவை, 5 லீற்றருக்கு 156 மில்லி. பாமசியில 60 மில்லி சிறிஞ்ச் ஒன்டு எடு, மூடிக் கணக்கு வயலோட நிக்கட்டும். பெற்றோல் ஒக்டேன் 95. எல்லா ஷெட்டிலயும் இல்ல, கண்ட இடத்துல கானை நிரப்பிக்கொள்.

பிறகு இன்னொன்டு. எக்ஸ்எல்ஆர்ல பழகின ஆள் நீ, அது ஃபோர் ஸ்ட்ரோக். எக்ஸிலரேட்டரை விட்டா எஞ்சின் பிடிச்சு நிப்பாட்டும் என்டு நம்பிக்கொண்டு கிறுகலுக்குள்ள போவாய். 125 பிடிக்காது, வழுக்கிக்கொண்டே போகும். முதல் கிழமை பிரேக்கை மட்டும் நம்பு.

கல்லாறு77:

நேற்று விடிய ஆறரைக்குப் போனன், சொல்லாமத்தான். படலையைத் திறக்கக்குள்ளயே பெற்றோல் மணம். எஞ்சின்ல கை வச்சன், சுட்டுது. "இப்பதான் கழுவுறதுக்கு எடுத்தன்" என்டார். பைக்குல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஃபில்டர்ப் பெட்டியைத் திறக்கலாமா என்டு கேட்டன். ஆணி இறுகிப் போச்சாம்.

ஓட்டமாவடி நானா, மன்னிச்சுக்கொள்ளுங்க. வைஸெட்டை எடுத்திட்டன். ராவே சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தன். பிஸ்டன்ல ரிங்குக்குக் கீழ கறுத்துக் கிடக்கு, எக்ஸோஸ்ட் பக்கம் ரெண்டு மெல்லிய கீறு. ஆனா சிலிண்டர்ச் சுவர்ல குறுக்குக் கோடு எல்லாம் இன்னும் தெளிவாத் தெரியுது. சீலை திணிச்சுத்தான் வச்சிருக்கன். பிஸ்டன் கிட் கொழும்பு பஸ்ஸில சனிக்கிழமை வருது.

விறாந்தையில கிடக்கிற சிலிண்டரைப் பார்த்து இது என்ன என்டு அம்மா கேட்டா. மருந்தடிக்கிற மிஷின்ட சாமான் என்டு அப்பா முந்திக்கொண்டு சொல்லிட்டார்.