கையில் பிடிக்கிற ஜிபிஎஸ்ஸா, போனா: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வள்ளக்காரன்

எதை வாங்கலாம் என்று கேட்க வரவில்லை. ஒரு விஷயம் மனசில் கிடந்து உறுத்துகிறது, எங்காவது எழுதிவிட்டால் தேவலை.

அப்பாவின் ஜிபிஎஸ் பதினோரு வருஷம் உழைத்தது. பட்டன் ரப்பர் கிழிந்து உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. திரை எரிகிறது, பட்டன் ஒன்றோ இரண்டோதான் கேட்கிறது. புதுசு வாங்க அப்பா தயார். எனக்குத்தான் மனசில்லை. போனில் இல்லாதது அதில் என்ன இருக்கிறது? மீன் கிடைக்கிற இடங்களை அதில் பாயிண்டாகக் குறித்து வைத்திருந்தார் அப்பா; அதில் நாலைந்தை மட்டும் போனில் ஏற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு குளச்சலில் இருந்து வள்ளத்தை எடுத்தோம். நான், அப்பா, சித்தப்பா.

போகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பார் (கடலடிப் பாறைத் திட்டு) கிட்டே வந்து எஞ்சின் வேகத்தைக் குறைத்ததும் ஆரம்பித்தது. காலை பத்து மணி வெயிலில் திரையில் என் மூஞ்சிதான் தெரிகிறது. உறையைக் கழற்றினேன். ஒரு திவலை வந்து விழுந்தது. சொட்டுத் தண்ணீர் விரல் மாதிரி வேலை செய்யும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வரைபடம் தானாகச் சுருங்கியது, ஓடியது, கடைசியில் ஆப்பிரிக்காவில் போய் நின்றது. துடைக்கலாம் என்றால் சட்டை, துண்டு, கை எல்லாமே ஈரம். தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தால் துடைத்தேன். அதற்குள் நீரோட்டம் வள்ளத்தை எவ்வளவு தூரம் இழுத்ததோ தெரியாது. ஐம்பது மீட்டர் தள்ளினால் கீழே சேறுதான், மீன் இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. எழுந்து நின்று கரையைப் பார்த்தார். கோயில் கோபுரத்தைப் பின்னால் தெரிகிற மலையோடு சேர்த்து ஒரு நேர், கலங்கரை விளக்கத்தை இன்னொரு மலைமுகட்டோடு சேர்த்து இன்னொரு நேர். சித்தப்பாவிடம் கையால் "இன்னும் கொஞ்சம்" என்று காட்டிக்கொண்டே வந்தார். "எறி மக்கா" என்றார். கல்லைப் போட்டேன். இருபது பாக ஆழத்தில் (ஒரு பாகம் சுமார் ஆறடி) டொக்கென்று பாறையில் இடித்த அதிர்வு கயிறு வழியாகக் கைக்கு வந்தது.

அவ்வளவுதான். திரும்பி வரும்வரை போனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ராத்திரி வண்டி

கடலில் டவர் ஏது தம்பி? டவர் இல்லாமல் போன் எப்படி வழி காட்டும்? அப்பா சொன்னதைக் கேட்டு மிஷினையே வாங்கியிருக்கலாம்.

ஆனால் என் கதை நேர் எதிர். டெம்போ ஓட்டுகிறேன், வாடகை வண்டி. முதலாளி 2012-இல் வாங்கிக் கொடுத்த நேவிகேட்டர், கண்ணாடியில் ஒட்டி வைக்கிற சாதனம். வாங்கின புதிதில் ராஜா. அப்புறம் யாரும் மேப்பைப் புதுப்பிக்கவில்லை. புதுசாகப் போட்ட புறவழிச்சாலையில் ஏறினால் வண்டிப் படம் வயலுக்கு நடுவே ஓடும், பாவம். "திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும்" என்று இருபது நிமிஷம் கத்தும். ஒரு நாள் பின்னால் இருந்த பாட்டி, "அது இவ்வளவு சொல்லுதே, ஒரு தடவை திரும்பித்தான் பாரேன்ப்பா" என்றார்.

சரி என்று போனுக்கு மாறினேன். ராத்திரி ஒன்றரை மணி, திண்டிவனம். புதுச்சேரிக்கும் திருச்சிக்கும் திருவண்ணாமலைக்கும் பிரிகிற இடம். மேம்பாலம் ஏறுவதா, கீழே இறங்குவதா என்று பார்க்கிற அந்த இரண்டு விநாடியில் முதலாளியின் அழைப்பு. திரை முழுக்க அவர் போட்டோ, மாலை போட்ட போட்டோ வேறு. ஏறிவிட்டேன். இறங்கியிருக்க வேண்டும். பின்னால் தூங்குகிற குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது.

நீலப்புள்ளி

ராத்திரி வண்டி அண்ணே, மன்னிக்கணும், டவர் பற்றிச் சொன்னது தப்பு. இந்தத் தப்பை எங்கே பார்த்தாலும் என்னால் சும்மா இருக்க முடியாது. போனுக்குள்ளும் ஜிபிஎஸ் ரிசீவர் இருக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடம் இருந்து அதுவும் நேராகத்தான் கேட்கிறது. நாலு கோள் கிடைத்தால் இடம் தெரியும். சிம் இல்லாத போனும் காட்டும், விமானப் பயன்முறையில் போட்டாலும் காட்டும். நெட் இருந்தால் எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்கிற பட்டியல் முன்கூட்டியே இறங்கிவிடும், முதல் புள்ளி சீக்கிரம் விழும். இல்லாவிட்டால் கோளிடமே கேட்டு வாங்க வேண்டும். அது விநாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் பேசுகிறது, முழுப் பட்டியலும் இறங்கப் பன்னிரண்டரை நிமிஷம். முதலில் தாமதமாவதைப் பார்த்துத்தான் எல்லாரும் "டவர் இல்லை, போன் செத்தது" என்கிறார்கள். டவர் இல்லாவிட்டால் வராதது வரைபடம்தான். அதை முன்பே இறக்கி வைத்தால் போதும்.

இப்படிப் பேசுகிற நானே மாட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வால்பாறையில் இருந்து அதிரப்பள்ளிக்கு. முந்தின ராத்திரி பொள்ளாச்சி விடுதியில் உட்கார்ந்து ஆஃப்லைன் மேப்பை இறக்கினேன். அது ஒரு சதுரம் போட்டு, அதற்குள் இருப்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். நான் போட்ட சதுரம் கேரள எல்லையோடு சரி. மளுக்கப்பாறை சோதனைச் சாவடி தாண்டிக் கொஞ்சம் போனதும் சாலை முடிந்துவிட்டது. உண்மைச் சாலை இல்லை, திரையில். வெறும் சாம்பல் நிறக் கட்டங்களின் மேல் நீலப்புள்ளி மட்டும் நகர்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று அதற்கு அச்சு பிசகாமல் தெரியும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்றுதான் தெரியாது. பக்கத்தில் மனைவி. "என்னங்க, கடலுக்குள்ள போறோமா?"

என் பெயருக்கு இதுதான் காரணம்.

பழைய சங்கிலி

நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன். வள்ளக்காரன் தம்பி பாயிண்டைப் போனில் ஏற்றினேன் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். எப்படி ஏற்றினீர்கள்?

என் கதை சின்னது. கிணறுகளைக் கணக்கெடுத்த காலம். குறிப்பேட்டில் இருந்த எண்ணைக் கருவியில் போட்டு, அம்பு காட்டிய பக்கமே நடந்து ஒரு வயலில் போய் நின்றேன். அங்கே நாற்று நடுகிற அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏன் சாமி, என் கிணறு எப்போ இங்க வந்துச்சு?" அறுநூறு மீட்டர் பிசகு.

காரணம் இதுதான். படகுகளில் இருக்கும் கருவி பெரும்பாலும் பாகையும், தசமத்தில் நிமிடமும் காட்டும். அட்சரேகை 8° 07.50' என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எட்டு பாகை ஏழு நிமிடம் ஐம்பது விநாடி என்று படித்தீர்களா, போச்சு. அரை நிமிடம் என்றால் முப்பது விநாடிதான். மிச்சம் இருபது விநாடி, ஒரு விநாடிக்குச் சுமார் முப்பத்தொரு மீட்டர் வீதம் அறுநூறைத் தாண்டும். அதையே 8.0750 என்று போனில் அடித்தால் ஐந்தரை கிலோமீட்டர் தெற்கே போய்விடுவீர்கள். சரியாக அடிக்க வேண்டியது 8.1250. இரண்டிலும் அமைப்புக்குள் போய் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

இன்னொன்று. பழைய இந்திய நில அளவைத் தாளை வைத்துப் பார்ப்பவர்கள், அதன் அடிப்படை எவரெஸ்ட் என்கிற பழைய பூமி வடிவக் கணக்கு, கருவியில் இருப்பது டபிள்யூஜிஎஸ் 84 என்கிற வேறு கணக்கு. மாற்றாமல் போட்டால் நூறு மீட்டருக்கு மேலேயே தள்ளும். இன்னொன்று. தண்ணீர் புகாது என்று அட்டையில் ஐபிஎக்ஸ்7 போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், அதுவும் நல்ல தண்ணீரில். உப்புத் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. கரைக்கு வந்ததும் குழாயில் ஒரு அலசு அலசியிருந்தால் அப்பாவின் பட்டன் இன்னும் இருந்திருக்கும். இன்னொன்று. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற ரகத்தை வெளிநாட்டு உறவினர் வாங்கி வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் நாட்டில் அதை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள்.

2000-ஆம் ஆண்டு மே 2 வரை அமெரிக்காவே பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. நூறு மீட்டர் தள்ளிக் காட்டினாலே நாங்கள் சந்தோஷப்பட்ட காலம் அது. இன்று போனே ஐந்து மீட்டருக்குள் காட்டுகிறது. குறை கருவியில் இல்லை தம்பி.

பனிமூட்டம்

ஐயா, அந்தப் பிள்ளை கேட்டது இதையா? (கோபிக்க வேண்டாம். எவரெஸ்ட் விஷயத்தை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.)

நான் பறவைக் கணக்கெடுப்புக்காக அவலாஞ்சி பக்கம் போனவள். ஜனவரி, புல்லில் உறைபனி. காலை ஆறரைக்கு 38 சதவீதம் இருந்த போன் கையிலேயே அணைந்தது. குளிரில் பேட்டரி அப்படித்தான் கவிழும் என்று படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரத்துக்கு உதவவில்லை. கல்லூரியில் கொடுத்த கைக்கருவி பையில் இருந்தது, அதிலும் பேட்டரி தீரும் நிலை. ஆனால் அதற்கு டீக்கடையில் பென்சில் பேட்டரி கிடைத்தது! பிஸ்கெட் பாட்டிலுக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்த இரண்டு. நல்ல பேட்டரி என்றால் இருபது மணி நேரத்துக்கு மேல் தாங்கும், அது மதியம் வரை வந்தது. அது போதும்.

அதற்காகக் கைக்கருவிதான் உசத்தி என்று சொல்ல மாட்டேன். சோலைக்குள் போனால் இரண்டும் தவளை மாதிரி தாவும். வந்த தடத்திலேயே திரும்ப, மூடுபனியில் கைக்கருவியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கறுப்புக் கோடு ஒன்று, அதன் மேல் ஒரு அம்பு, வேறு ஒன்றும் கிடையாது. கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் திடீரென்று என் பையைப் பிடித்து இழுத்தார். "அம்மா, மிஷின் நேரா போகச் சொல்லுதா?" ஆமாம் என்றேன். அவர் பேசாமல் மூக்கைத் தொட்டுக் காட்டினார். அப்புறம்தான் எனக்கும் வந்தது, ஈரச் சாணமும் மாட்டுக் கொட்டகையும் கலந்த வாடை. பத்தடியில் காட்டுமாடு பெருமூச்சு விட்டது. பனியில் அதன் உருவம்கூடத் தெரியவில்லை, மூச்சு மட்டும்தான்.

ராத்திரி வண்டி

நீலப்புள்ளி தம்பி சொன்னதை விமானப் பயன்முறையில் போட்டுப் பார்த்தேன். காட்டுகிறது. ஒப்புக்கொள்கிறேன். முதலாளியும் கூப்பிட முடியாது, இது எனக்கு முன்னாடியே தெரியாமல் போச்சே!

வள்ளக்காரன்

சங்கிலி ஐயா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் நான் ஏற்றியதில் பிசகு இல்லை. கரையிலேயே சரிபார்த்தேன், துறைமுகச் சுவரில் நின்று இரண்டையும் ஒப்பிட்டேன்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து மிச்சப் பாயிண்டுகளையும் எடுக்க ஆரம்பித்தேன். கிழிந்த ரப்பருக்குள் வலை பின்னுகிற ஊசியை விட்டுக் குத்தினால் பட்டன் கேட்கிறது. ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க அப்பா பெயர் சொன்னார், நான் நோட்டில் எழுதினேன். அறுபத்து மூன்று. அப்போது கேட்டேன், போன் வேண்டாம் என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று. வெயிலையும் தண்ணீரையும் அவர் பேசவே இல்லை.

"உன் போன்ல போட்டா அது யாருக்கெல்லாம் போவும்?"

சின்ன வயசில் பார்த்த ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேறு வள்ளம் பக்கத்தில் வந்தால் அப்பா பீடி பற்ற வைக்கிற மாதிரி குனிந்து, உள்ளங்கையால் திரையை மூடிக்கொள்வார். காற்றுக்கு மறைக்கிறார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

புதுக் கைக்கருவிக்குச் சொல்லியாயிற்று. நோட்டு அவர் பெட்டியில் இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் அவர் பெயர் சொல்லவில்லை, எண்ணையும் எழுத விடவில்லை. "அது கிடக்கட்டும்" என்று ஊசியை வாங்கி அடுத்ததுக்குத் தள்ளிவிட்டார். 041.