1990 மியாட்டாவுல 2001 விவிடி இன்ஜின் உக்காருமா?

பாப்அப்_லைட்:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட 1990 மாஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டா) இருக்கு, 1.6 இன்ஜின், 5 ஸ்பீடு மேனுவல். டைமிங் பெல்ட் மாத்தலாம்னு கழட்டினப்ப தான் பாத்தேன், கிராங்க் புல்லி லேசா ஆடுது, போல்ட்ட எடுத்துப் பாத்தா கீ உக்கார்ற காடி ஒரு பக்கமா தேஞ்சு வாயப் பொளந்துட்டு நிக்குது. தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட பின்னாடி இடிபட்ட 2001 மியாட்டா ஒண்ணு கிடக்கு, 1.8 விவிடி (வால்வு திறக்கற நேரத்த தானா மாத்தற இன்ஜின்), இன்ஜின் வயரிங் இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) எல்லாத்தையும் சேத்தே எடுத்துக்கோங்கறாரு. இது என் கார்ல அப்படியே உக்காருமா? கியர்பாக்ஸ் மாத்தணுமா? ஸ்பேனர் வேலைக்கு பயமில்ல, வயரிங்க நினைச்சா தான் வயித்தக் கலக்குது.

கிரீஸ்_கை:
உங்களோடது ஷார்ட் நோஸ் கிராங்க் ப்ரோ, அதாவது புல்லி உக்கார்ற முனை குட்டையா இருக்கறது. புல்லில நாலு காடி இருந்தா ஷார்ட் நோஸ், எட்டு இருந்தா லாங் நோஸ், 91ல மாத்திட்டாங்க. லாக்டைட் (உலோகத்த ஒட்டற பசை) ஊத்தி ஒட்டி வருஷக்கணக்கா ஓட்டறவங்க இருக்காங்க, ஆனா நீங்க சொல்ற அளவுக்கு தேஞ்சிருந்தா நான் அதை நம்ப மாட்டேன்.

உக்காருமான்னா, தாராளமா உக்காரும். ரெண்டும் ஒரே குடும்பத்து பிளாக் தான், உங்க பழைய இன்ஜின்ல இருக்கற மவுண்ட் பிராக்கெட்ட கழட்டி புதுசுல மாட்டிக்கலாம். கியர்பாக்ஸும் மாத்த வேணாம். ஆனா கிளட்ச் விஷயத்துல உஷார், 1.6ல இருக்கறது 200 மில்லிமீட்டர், 1.8ல 215 மில்லிமீட்டர், அதனால ஃப்ளைவீல் கிளட்ச் ரெண்டையும் அந்த 2001 கார்ல இருந்தே எடுத்துடுங்க, டிஸ்க்ல இருக்கற ஸ்ப்லைன் (பல்லு) உங்க கியர்பாக்ஸுக்கு சரியா சேரும். டிஃபரன்ஷியல் தான் வீக், 1.6ல வர்றது 6 இன்ச், 94ல இருந்து 7 இன்ச். மெதுவா ஓட்டற ஆளுன்னா தாங்கும், கிளட்ச்ச டப்புன்னு விடற ஆளுன்னா 7 இன்ச்சுக்கு போயிடுங்க, அப்ப ஆக்ஸில், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் கூடவே வரும்.

சும்மா_வந்தேன்:
இவ்ளோ வேலை பாக்கறதுக்கு ஒரு ஹோண்டா கே24 இன்ஜின் போட்டுடலாமே தல 😁

கிரீஸ்_கை:
போடலாம், சப்ஃபிரேம் வேற, ஆயில் பேன் வேற, கியர்பாக்ஸுக்கு நடுவுல அடாப்டர் பிளேட் வேற. அவர் கேட்டது புல்லி ஆடுதுன்னு, நீங்க வீட்டையே இடிச்சுக் கட்டச் சொல்றீங்க.

வயர்_ராசா:
வயரிங் நான் சொல்றேன், ஏன்னா இதே வேலைய என் 91 கார்ல பண்ணிட்டு ரெண்டு வாரம் ஸ்டார்ட் ஆகாம முழிச்சவன் நான். இன்ஜின் இறக்கினது ஒரே சனி ஞாயிறு தான், மீதி எல்லாம் வயர்.

உங்க 1.6 இசியுக்கு விவிடின்னா என்னன்னே தெரியாது. இன்டேக் கேம்ஷாஃப்ட்ட ஆயில் பிரஷர்ல திருப்பற சமாச்சாரம் அது, சிக்னல் குடுக்காம விட்டா கேம் கடைசி ரிடார்ட்லயே (வால்வு ரொம்ப லேட்டா திறக்கற நிலை) நின்னுக்கும், கார் ஓடும், ஆனா கீழ் ஆர்பிஎம்ல இழுவை இருக்காது. அப்பறம் உங்க கார்ல ஹெட்டுக்கு பின்னாடி இருக்கற ஒரே சென்சார் தான் எல்லாம், புதுசுல கிராங்க் பக்கம் ஒண்ணு, கேம் பக்கம் ஒண்ணு. 2001 இசியுவயே வைக்கலாம்னா இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆக விடாத பூட்டு) இருக்கான்னு முதல்ல பாருங்க, இருந்தா அது பெரிய தலைவலி. நான் மெகாஸ்குவர்ட்ங்கற தனி இசியு போட்டேன்.

இப்ப அந்த ரெண்டு வாரக் கதை. பழைய ஏர்ஃப்ளோ மீட்டர்ல ஒரு சின்ன கதவு இருக்கும்ல, அதுக்குள்ள தான் பெட்ரோல் பம்ப் ஸ்விட்ச்சும் இருக்கு, காத்து கதவ தள்ளினா தான் பம்ப் தொடர்ந்து ஓடும். மீட்டர கழட்டி எறிஞ்சிட்டேன், அப்பறம் பம்ப் ஏன் ஓடலன்னு ரிலேவ மாத்தி மாத்தி பாத்துட்டு இருந்தேன். அந்த வயர புது இசியுவோட பம்ப் அவுட்புட்டுக்கு குடுத்ததும் கிர்ர்னு ஒரு சத்தம் டேங்க்ல இருந்து, அழுகையே வந்துடுச்சு.

பெட்ரோல் லைனையும் மறந்துடாதீங்க, உங்க கார்ல டேங்குக்கு திரும்பிப் போற ரிட்டர்ன் உண்டு, 2001 ஃப்யூயல் ரெயில்ல (இன்ஜெக்டருக்கு பெட்ரோல் போற குழாய்) கிடையாது, முட்டுச்சந்து. தனியா ஒரு ரெகுலேட்டர் வச்சு ரிட்டர்ன் பைப்ப இழுக்கணும்.

பாப்அப்_லைட்:
ரொம்ப நன்றி அண்ணே, அந்த பம்ப் விஷயம் எனக்கு சத்தியமா தெரிஞ்சிருக்காது. பவர் எவ்ளோ ஏறும்? 155 எச்பின்னு எங்கயோ படிச்சேன்.

கிரீஸ்_கை:
155 இல்ல 😄 அமெரிக்காவுல 2001ல 155ன்னு விளம்பரம் பண்ணிட்டு, அப்பறம் 142 தான்னு ஒத்துக்கிட்டு, வேணாம்னா காரை திரும்ப வாங்கிக்கறோம்னு மாஸ்டாவே சொன்னாங்க. உங்க 1.6க்கு அங்க 116, ஆக 26 கூட. நம்பர விட கீழ இருந்து இழுக்கறது தான் சுகம்.

வயர்_ராசா:
இன்னொண்ணு, உங்க பழைய இன்ஜின்ல இருக்கற ஆயில் பிரஷர் சென்சார கழட்டி புதுசுல மாட்டிடுங்க. 90 கார்ல மீட்டர் நிஜமாவே பிரஷர காட்டும், 2001ல வர்றது வெறும் ஸ்விட்ச், அதை விட்டா முள்ளு பொய் சொல்லும். டெம்பரேச்சர் சென்சாரும் வேற மாதிரி, உங்களோடது மீட்டருக்கு ஒண்ணு இசியுக்கு ஒண்ணு தனித்தனி, அதுல ரெண்டும் ஒண்ணா இருக்கும்.

பாப்அப்_லைட்:
சரிண்ணே, ஞாயித்துக்கிழமை போய் இம்மொபிலைசர் இருக்கான்னு பாத்துட்டு, ஒவ்வொரு கனெக்டரையும் ஃபோட்டோ எடுத்துட்டு வந்து இங்கயே போடறேன்.