புதுப்பிப்பு: கொல்லைக் கொட்டகை சோலார், ஒயர் கணக்கில் திருத்தம்

கொல்லைக் கொட்டகைக்குச் சோலாரில் விளக்கும் ஃபேனும் போடுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதற்கு வேண்டியவை: 100 வாட் பேனல், 40 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்கு விடும் கருவி), இரண்டு 9 வாட் பல்பு, 28 வாட் பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் ரகம்). முதல் பதிவின் இந்தப் பட்டியலில் மாற்றமில்லை. பேனலுக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும் என்று எழுதியதுதான் தப்பு.

பேனலிலிருந்து கன்ட்ரோலருக்கு 8 மீட்டர் தூரம் என்றால் ஒயர் போக வர 16 மீட்டர். அந்த 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 5.5 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். வேலூர் கத்திரி வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடானால் அதன் 18 வோல்ட், 15 பக்கம் இறங்கிவிடும். மிச்சம் பதின்மூன்றரை, பேட்டரி நிரம்ப 14.4 வேண்டும். வெயில் கொளுத்தும், பேட்டரி நிரம்பாது! 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான்.

பேனல் சூடு குறைய, அதைக் கூரைத் தகரத்தோடு ஒட்டாமல் நாலு அங்குலம் தூக்கி, தெற்கு நோக்கி 13 டிகிரி சாய்த்து மாட்டுங்கள். முருங்கைக் கிளையின் நிழல் மூலையில் விழுந்தாலே சார்ஜ் படுத்துவிடும், கிளையைக் கழித்துவிடுங்கள்.

பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை. கழற்றும்போது பேனல் முதலில். கன்ட்ரோலரில் பேட்டரி வகையை லித்தியம் மோடில் வைக்க மறக்காதீர்கள். பேட்டரி தரையோரம் இருக்கட்டும், கூரையடியில் வேண்டாம்.