பே கொப்பாயோ, பே அப்பாயோ: கொரிய மொழியில் பசியைச் சொல்லக் கற்ற அனுபவங்கள்

தேஜோன் நகரிலிருந்து, ஆய்வு மாணவர்:

நான் இங்கே ஆய்வகத்தில் சேர்ந்த முதல் மாதத்தில், மொழி வகுப்பில் ஒரே நாளில் இரண்டு தொடர்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ‘பே’ என்றால் வயிறு. ‘பே கொப்பாயோ’ என்றால் பசிக்கிறது. ‘பே அப்பாயோ’ என்றால் வயிறு வலிக்கிறது. இரண்டின் ஈறும் ஒரே விதமாக அமைவதால் எனக்கு வால் மட்டும் நினைவில் நின்றது, தலை நழுவிவிட்டது.

அந்த வாரம் ஒரு நாள், நண்பகலுக்குச் சற்று முன்பு, மூத்த ஆய்வாளர் ஒருவர் தமக்குக் குலுக்கலில் அடுக்குமாடி வீடு விழுந்திருப்பதாக அறிவித்தார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, காலையில் ஒற்றை வாழைப்பழத்தோடு வந்திருந்த நான், சாப்பிடக் கிளம்பலாமே என்ற நினைப்பில் ‘பே அப்பாயோ’ என்று உரக்கச் சொல்லிவிட்டேன். ஒரு கணம் அமைதி. பிறகு அறையே சிரித்தது. வீடு கிடைத்தவர் என் தோளைத் தட்டி, மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொன்னவன் நீ ஒருவன்தான் என்றார். பங்காளி நிலம் வாங்கினால் வயிறு வலிக்கும் என்பது கொரியர்களிடையே எல்லோரும் அறிந்த பழமொழி என்று பிறகுதான் தெரிந்தது. நமக்கு வயிற்றெரிச்சல், அவர்களுக்கு வயிற்று வலி. உறுப்பு மட்டும் மாறவில்லை. உணவகத்துக்குப் போகும் வழியெல்லாம் அவர் என்னை ‘கொப்பாயோ, கொப்பாயோ’ என்று சொல்லவைத்தே அழைத்துச் சென்றார்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழில் ப, க போன்ற எழுத்துகள் சொல்லின் முதலில் வல்லோசையாகவும் உயிர்களுக்கிடையே மெல்லிய ஓசையாகவும் ஒலிப்பது போலவே கொரிய எழுத்துகள் சிலவும் ஒலிக்கின்றன. வாய் என்பதற்கான ‘இப்’ என்ற சொல், பின்னால் உயிர் சேர்ந்ததும் நம் ‘கபிலர்’ என்ற பெயரின் நடு எழுத்தைப் போல மென்மையாகிவிடுகிறது. ஆனால் கொப்பாயோவில் வருவது மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் வேறொரு ப. அது நம்மிடம் இல்லை. உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அது அசைகிறதா என்று பார்த்துப் பழகினேன்.

பசியின் அளவுகளுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. உணவு வேளைக்கு முன் லேசாக எடுக்கும் பசிக்கு ‘சுல்சுல்ஹாதா’ என்பார்கள். பசியே இல்லாமல் நாக்கு நமநமவென்று எதையாவது கேட்டால், வாய்க்குப் பொழுது போகவில்லை என்ற பொருளில் ‘இபி ஷிம்ஷிம்ஹாதா’ என்பார்கள். ஆய்வகத்தில் மாலை நான்கு மணிக்கு அதிகம் கேட்கும் தொடர் இதுதான்.

கிம்ஹேயிலிருந்து, தொழிற்சாலைப் பணியாளர்:

நான் இலங்கையிலிருந்து வேலை அனுமதித் திட்டத்தின் கீழ் வந்தவன். அதற்கான கொரிய மொழித் தேர்வுக்காக மாதக்கணக்கில் படித்ததால், ‘பாப் மொகொஸ்ஸொயோ’ என்று யார் கேட்டாலும் ‘சோறு சாப்பிட்டீர்களா’ என்று விளங்கிக்கொள்ளும் அளவுக்கு நம்பிக்கையோடு இருந்தேன். வேலைத்தளத்தில் முதல் நாள் மத்தியானம், மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து ‘பாம் முன்னா?’ என்று கரகரத்த குரலில் கேட்டார். குரலின் வேகத்தில் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்றே எண்ணி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடியும் அதையே, முன்னைவிட உரக்கக் கேட்டார். பக்கத்தில் நின்ற வியட்நாமிய நண்பர் கையால் சோறு அள்ளும் பாவனை காட்டிய பிறகுதான் புரிந்தது. தென்கிழக்கிலுள்ள கியோங்சாங் பகுதிப் பேச்சில் ‘மொக்’ என்பது ‘முக்’ ஆகிவிடும். புத்தகத்தில் படித்த கேள்வியும் அதுதான், அக்கறையும் அதுதான். கண்டிப்பு என்று நான் நினைத்தது அந்த ஊரின் இராகம். இப்போது நானும் வெள்ளிக்கிழமை மாலைகளில் நண்பர்களிடம் ‘முக்ஜா’, அதாவது சாப்பிடுவோம் வாருங்கள், என்றே சொல்கிறேன். மேற்பார்வையாளரிடம் மட்டும் புத்தக மொழிதான்.

ஜொன்ஜுவிலிருந்து, இல்லத்தரசி:

எனக்கு வந்த சிக்கல் மரியாதை பற்றியது. எண்பது வயதைக் கடந்த எங்கள் வீட்டு உரிமையாளரான பாட்டியம்மாவிடம், பணிவான ஈற்றோடுதானே கேட்கிறோம் என்ற துணிவில் ‘பாப் மொகொஸ்ஸொயோ’ என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, அது உன் தோழிகளுக்கு, எனக்கு ‘ஜின்ஜி ஜாப்சுஷொஸ்ஸொயோ’ என்று திருத்தினார். நம்மிடம் பெரும்பாலும் வினையின் ஈறு மாறினால் போதும்; இங்கே சோற்றுக்கும் உண்பதற்குமே வேறு சொற்கள் வந்துவிடுகின்றன. வைணவ வீடுகளில் சோற்றை அமுது என்றும் உண்பதை அமுது செய்தல் என்றும் சொல்வதை நினைத்துக்கொண்டதும் எனக்கு அது பிடிபட்டது.

அவர்தான் ‘பொரித்கொகே’ என்ற சொல்லையும் கற்றுத்தந்தார். வாற்கோதுமைக் கணவாய் என்று பொருள். இலையுதிர்காலத்தில் அறுத்த நெல் தீர்ந்துபோய், வாற்கோதுமை இன்னும் முற்றாத வசந்தகாலத்தின் பட்டினி மாதங்களை, மலை ஏறிக் கடப்பதுபோல் கடக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். தம் இளமையில் சாப்பிட்டாயா என்று கேட்பது வெறும் உபசாரமாக இருக்கவில்லை என்றார்.

மறுநாள் காலை மாடிப்படியில் அவர் அதே கேள்வியை என்னிடம் கேட்டபோது, இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் என்றால் ‘அப்படியா, போய்ச் சாப்பிடுங்கள்’ என்று நகர்ந்திருப்பார்கள். அவரோ உள்ளே போய், ஆவி பறக்கும் சோயா விழுதுக் குழம்பும் சோறும் கொண்டுவந்து, நான் கிண்ணத்தைக் காலி செய்யும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கான ‘பே புல்லொயோ’வை அன்று நான் மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் இன்னொரு கரண்டி விழுந்தது. அதற்குப் பிறகு, சாப்பிடாத நாளிலும் சாப்பிட்டுவிட்டேன் என்றே பதில் சொல்லிவருகிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நம்புவதில்லை.