ஆபீஸில் பேசி முடித்துவிடுகிறார்கள், வீட்டிலிருக்கும் எனக்கு டிக்கெட் மூடியபிறகுதான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

தென்காசி_டெஸ்டர்
வணக்கம். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, தென்காசியில் வீட்டிலிருந்து. டீமில் பாதிப் பேர் சென்னை ஆபீஸில், மேனேஜரும் இன்னும் சிலரும் பெர்லினில். பிரச்சினை இரண்டு. போன வாரம் ஒரு பக் (பிழை) இருப்பதாக டிக்கெட் போட்டேன், அதாவது வேலைகளைப் பதிவு செய்யும் இடத்தில் ஒரு குறிப்பு, பில்லில் நாளும் மாதமும் இடம் மாறி வருகிறது என்று. கொஞ்ச நேரத்தில் "பேசியபடிதான் இருக்கிறது" என்று ஒரே வரி எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். யார் பேசியது, எப்போது? விசாரித்தால் சென்னையில் டீ குடிக்கப் போன இடத்தில் டெவலப்பர்கள் இரண்டு பேர் முடிவெடுத்திருக்கிறார்கள். இது அடிக்கடி நடக்கிறது. மேனேஜரிடம் சொன்னால், நீங்களே அவ்வப்போது போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்.

இரண்டாவது, மாலை 6:30 கூட்டம் அக்டோபர் கடைசியில் தானாக 7:30க்குப் போய்விட்டது. யாரும் மாற்றவில்லையாம்!

நைட்_ஷிப்ட்_நாகராஜன்
இரண்டாவதற்குப் பதில் சுலபம். காலண்டரில் அந்தக் கூட்டம் பெர்லின் நேரத்தில் போடப்பட்டிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றரையிலிருந்து நாலரை மணி ஆகிவிடும். அவர்களுக்கு அதே மாலை 3 மணிதான், அதனால்தான் யாரும் மாற்றவில்லை என்கிறார்கள். மார்ச் கடைசி ஞாயிறு பழையபடி ஆகும். இந்திய நேரத்தில் அழைப்பைப் போடச் சொல்லுங்கள், குளிர்காலத்தில் அவர்கள் 2 மணிக்கு உட்காரட்டும். அமெரிக்க ஆட்களும் சேர்ந்தால் இன்னும் கூத்து, அங்கே மாறுவது நவம்பர் முதல் ஞாயிறு, இடையில் ஒரு வாரம் யாருக்கு எப்போது கூட்டம் என்றே புரியாது.

மெயில்_மீனாட்சி
கூட்டத்தில் சென்னை ஆட்கள் எப்படிச் சேர்கிறார்கள்? ஒரே ரூம், ஒரே மைக்கா?

தென்காசி_டெஸ்டர்
ஆமாம் அக்கா. மேஜை நடுவில் ஒரு ஸ்பீக்கர். ஓரத்தில் இருப்பவர் பேசினால் ஏசி சத்தம்தான் கேட்கும். நான் வெளியே வந்தபிறகும் அவர்கள் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

மெயில்_மீனாட்சி
அப்போ கோளாறு அங்கேதான். எல்லோரும் ஆபீஸில் இருந்தால் பிரச்சினை இல்லை, எல்லோரும் வெளியே இருந்தாலும் சமாளிக்கலாம், கிட்லாப் என்ற சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தலைமை அலுவலகமே கிடையாது, எப்படி வேலை செய்வது என்பதையெல்லாம் எழுதி யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். பாதிப்பாதி என்பதுதான் கஷ்டம், ஏனென்றால் ஆபீஸில் இருப்பவருக்கு எழுதவேண்டிய தேவையே வராது, திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்கிறாரே. ஒருவர் வெளியிலிருந்து சேர்ந்தாலும் எல்லோரும் அவரவர் லேப்டாப்பில் ஹெட்செட் போட்டுச் சேரவேண்டும் என்று கேளுங்கள், முதலில் முணுமுணுப்பார்கள். போன் பண்ணிக் கேளுங்கள் என்ற மேனேஜர் யோசனையை ஏற்காதீர்கள், தகவலைத் தேடி அலைகிற வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார்.

இன்னொன்று, இது அந்த ஒரு பக் விஷயத்தோடு நிற்காது. சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 2010-11இல் ஒரு சோதனை நடந்தது, விருப்பம் தெரிவித்தவர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்களுக்கு வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்து வேலை. வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் அதே திறனுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு மட்டும் குறைந்தது. கண்ணில் படாதவன் கணக்கில் வரமாட்டான். அதனால் நீங்கள் கண்டுபிடித்ததெல்லாம் டிக்கெட்டில் உங்கள் பெயரோடு இருக்கட்டும்.

கோடு_குமார்
நான் அந்த டீக்கடைப் பக்கத்து ஆள். டீ குடிக்கும்போது பேசுவதையெல்லாம் எழுதச் சொன்னால் வேலை ஓடாது சார். ரெண்டு நிமிஷத்தில் முடிகிற விஷயத்துக்கு இருபது நிமிஷம் டைப் அடிக்கணுமா?

மெயில்_மீனாட்சி
எல்லாவற்றையும் யார் எழுதச் சொன்னது? இன்னொருத்தர் வேலையை மாற்றுகிற முடிவை மட்டும், அதுவும் ரெண்டு வரி. தேதி வடிவத்தை மாற்றினால் டெஸ்டர் வேலை மாறும், எழுதுங்கள். கோடுக்குள் இருக்கும் ஒரு வேரியபிளின் பெயரை மாற்றினால் உங்கள் இஷ்டம்.

கோடு_குமார்
அது சரி, அவ்வளவுதான் என்றால் பண்ணலாம்.

தென்காசி_டெஸ்டர்
நன்றி. மேனேஜரிடம் புகார் மாதிரித் தெரியாமல் எப்படி எழுதுவது?

நைட்_ஷிப்ட்_நாகராஜன்
யார் பெயரும் வேண்டாம், அந்த டிக்கெட் ஒன்றை மட்டும் காட்டுங்கள். இப்படி: "இந்த மாற்றம் டிக்கெட்டில் இல்லாததால் நான் பழைய வடிவத்தை வைத்தே டெஸ்ட் செய்தேன், அந்த நேரம் வீண். இனி முடிவு டிக்கெட்டில் வந்தபிறகு புரோகிராமை மாற்றலாமா? இந்த ஒரு வேலைச் சுற்று (ஸ்பிரிண்ட்) மட்டும் செய்து பார்ப்போம்." இன்றே அனுப்பாதீர்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரும் படிக்கமாட்டார்கள், திங்கள் மதியம் பெர்லின்காரர்கள் ஆபீஸுக்கு வந்ததும் அனுப்புங்கள்.